சூரை மீன் குழம்பு: சமைக்கும் முறையும் பாதுகாக்கும் முறையும்

கடற்கரையிலிருந்து 200 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள கிராமங்களிலும் இன்று கடல் மீன் கிடைக்கிறது. முன்னாளில் உள்நாட்டுக் கிராமத்தாருக்குக் கடல் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடுதான். இப்பொழுதோ பனிக்கட்டிப் பெட்டியுடன் வரும் வண்டிகள் வாரச் சந்தைக்கும் தெரு முனைக்கும் பச்சை மீனைக் கொண்டு வந்து சேர்க்கின்றன. இவ்வாறு வருகிற மீன்களுள் சூரை முக்கியமானது. முள் குறைவு; சதை மிகுதி; வஞ்சிரத்தை நோக்க விலையும் மலிவு. 100 கிராம் சூரைச் சதையில் ஏறத்தாழ 23 கிராம் புரதம் உண்டு. உழைக்கும் மக்களுக்கும் வளரும் குழந்தைகளுக்கும் இது நல்ல உணவு என்பதில் ஐயமில்லை.

சூரை கரையோரத்து மீன் மட்டும் அன்று. மஞ்சள் துடுப்புச் சூரை, வரிச்சூரை முதலியவை ஆழ்கடலில் கூட்டமாகத் திரிபவை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் நெடுந்தொலைவு சென்று பல நாட்கள் கடலில் தங்கி இவற்றைப் பிடிப்பதில் பேர் பெற்றவர்கள். பாக் நீரிணைப் பகுதியின் இழுவைப் படகு மீனவர்களை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டமும் 2017-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆகவே, நம் சட்டிக்கு வரும் சூரை, பிடிபட்ட நாளிலிருந்து படகு, துறைமுகம், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி எனப் பல கைகள் மாறி வருகிறது என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அதன் பின்னும் அது நம் வீட்டுச் சட்டியில் ஓர் இரவு தங்குவது உண்டு.

மறுநாள் ருசி

முதல் நாள் வைத்த மீன் குழம்புக்கு மறுநாள் தனி ருசி உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. புளியும் காரமும் உப்பும் துண்டுகளுக்குள் நன்றாக இறங்கிவிடுவதே அதற்குக் காரணம். அந்த ருசியை நாம் குறை கூற வரவில்லை. அதனோடு சேர்ந்து வழங்கி வரும் ஒரு நம்பிக்கையைத்தான் ஆராய விரும்புகிறோம். "இன்னொரு கொதி விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பதே அந்த நம்பிக்கை. சூரை மீனைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. மற்றப் பாதியை அறியாமையால்தான் துன்பம் வருகிறது.

உணவு கெடுவதில் இரண்டு செயல்கள் நடைபெறுகின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உணவில் பெருகுவது. மற்றொன்று, அக்கிருமிகள் உணவில் நச்சுப் பொருள்களை உண்டாக்கி விடுவது. நன்றாகக் கொதிக்க வைத்தால் பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடும். ஆனால் அவை முன்னரே உண்டாக்கிய நச்சுகளுள் சில கொதித்தாலும் அழிவதில்லை. பாம்பை அடித்துக் கொன்றுவிட்டால், அது கடித்த விஷம் உடலிலிருந்து இறங்கிவிடுமா?

சூரையின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் சத்து இயற்கையாகவே மிகுதியாக உள்ளது. மீன் உஷ்ணத்தில் கிடந்தால் சில கிருமிகள் இச்சத்தை ஹிஸ்டமின் என்னும் பொருளாக மாற்றிவிடுகின்றன. இந்த ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உறைய வைத்தாலும், டப்பாவில் அடைத்தாலும் நீங்குவதில்லை. சூரைக்கு இன்னொரு தன்மையும் உண்டு. ஓயாமல் நீந்துகிற மீன் ஆதலால் அதன் உடல் உஷ்ணம் சுற்றியுள்ள கடல் நீரின் உஷ்ணத்தைவிட உயர்ந்திருக்கும். எனவே, பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடாவிட்டால் மற்ற மீன்களைவிட விரைவில் கேடு தொடங்கும். கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் ஆகியவற்றிற்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஹிஸ்டமின் மிகுந்த மீன் பார்வைக்கும் மணத்திற்கும் நல்ல மீனைப் போலவே இருக்கக்கூடும் என்பது கவனிக்கத்தக்கது. உண்ணும்போது சில சமயம் நாக்கில் மிளகு கடித்தது போன்ற எரிச்சல் தோன்றும், தோன்றாமலும் போகலாம். மிளகாய் சேர்ந்த நம் குழம்பில் அந்த அறிகுறியும் மறைந்துவிடும். ஆதலால் நாவையும் மூக்கையும் மட்டும் நம்புவது போதாது. மீன் எவ்வளவு நேரம் எந்த உஷ்ணத்தில் இருந்தது என்பதே உண்மையான அளவுகோல்.

வாங்கும்போது

கண் தெளிவாகவும், செவுள் சிவந்தும், சதை அழுத்தினால் மீண்டும் எழும்புவதாகவும் இருக்க வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. அதோடு, மீன் முழுவதும் பனிக்கட்டியில் புதைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மீனின் மேல் பெயருக்கு நாலு கட்டிகள் கிடப்பது போதாது. நம் நாட்டு வெயிலில் 1 கிலோ மீனுக்கு 1 கிலோ பனிக்கட்டி என்பது நல்ல கணக்கு. வெயிலில் சாக்கின் மேல் பரப்பி, அவ்வப்போது தண்ணீர் மட்டும் தெளிக்கப்படும் சூரையை வாங்காமல் இருப்பதே மேல்.

சந்தைக்குச் செல்வோர் மற்றச் சாமான்களை முதலில் வாங்கிக்கொண்டு மீனைக் கடைசியாக வாங்குவது நல்லது. வீடு தொலைவில் இருந்தால் வியாபாரியிடம் சிறிது பனிக்கட்டியும் கேட்டு வாங்கிப் பையில் இட வேண்டும். வீடு சேர்ந்ததும் காலம் தாழ்த்தாமல் சுத்தம் செய்து சமைக்கவோ குளிரில் வைக்கவோ வேண்டும். உறைந்த மீனாயின், அதை இரவெல்லாம் திண்ணையிலோ அடுப்படியிலோ வைத்து இளக விடலாகாது. குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுவதே முறை.

சமைக்கும் முறை

ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்திற்கு ஏற்ற அளவை இங்கே தருகிறோம். சூரைத் துண்டுகள் 1 கிலோ, சின்ன வெங்காயம் 200 கிராம், பூண்டு 15 பல், தக்காளி 2, எலுமிச்சம்பழ அளவு புளி, மிளகாய்த் தூள் 2 மேசைக் கரண்டி, மல்லித் தூள் 3 மேசைக் கரண்டி, மஞ்சள் தூள் 1 தேக்கரண்டி, நல்லெண்ணெய் 100 மில்லி லிட்டர், வெந்தயம், கடுகு, கறிவேப்பிலை, உப்பு ஆகியவை வேண்டிய அளவு.

துண்டுகள் 2 சென்டி மீட்டர் கனத்துக்கு மேற்படாமல் இருந்தால் உட்புறம் சீராக வேகும். நடுவில் காணப்படும் கருஞ்சிவப்புச் சதையும் உண்ணத் தக்கதே. அதன் வாடை பிடிக்காதவர்கள் நீக்கிவிடலாம். மீனைக் கழுவிய கை, அரிவாள்மனை, பலகை, பாத்திரம் ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே வெந்த உணவைத் தொட வேண்டும். கையில் புண் உள்ளவர்கள் வெந்த மீனை வெறுங்கையால் பிரித்தெடுக்கலாகாது. புண்ணிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஒரு வகைக் கிருமி உண்டாக்கும் நச்சும் கொதித்தால் அழியாத இனத்தைச் சேர்ந்ததே.

சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் பூண்டும் வதங்கிய பின் தக்காளியைச் சேர்த்து மசிய விட வேண்டும். பின்னர் தூள்களைப் போட்டுப் பிரட்டி, புளிக் கரைசலும் உப்பும் சேர்த்து, பச்சை வாடை நீங்கி எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விட வேண்டும். அதன் பிறகே மீனைப் போட வேண்டும். குழம்பு மறுபடி கொதி வந்த பிறகு, மிதமான தீயில் 10 முதல் 12 நிமிடம் வேக விடுவது போதும். ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தால் சிவப்பு முழுவதும் மாறி, சதை ஏடு ஏடாகப் பிரிய வேண்டும். உட்புறம் சிவந்திருந்தால் இன்னும் சில நிமிடம் வேக வைக்க வேண்டும். வேகும் உணவின் நடுப்பகுதி குறைந்தது 70 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் அடைய வேண்டும் என்பது, 2001-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த பாதுகாப்பான உணவுக்கான 5 நெறிகளுள் அடங்கியது.

சில வீடுகளில் தேங்காய் அரைத்துச் சேர்ப்பர். ருசி மிகும், ஆனால் அத்தகைய குழம்பு விரைவில் ஊசிப் போகும். மறுநாளைக்கும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் தேங்காய் இன்றிச் சமைத்து, உண்ணும் வேளையில் வேண்டிய பங்குக்கு மட்டும் தேங்காய்ப் பால் சேர்த்துக் கொதிக்க வைத்துக்கொள்ளலாம்.

பாதுகாக்கும் முறை

5 டிகிரிக்குக் கீழும் 60 டிகிரிக்கு மேலும் கிருமிகள் பெருகுவது மிகவும் மட்டுப்படும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட உஷ்ணமே அவற்றுக்கு விளைநிலம். நம் வீட்டு அடுப்படி ஆண்டு முழுவதும் அந்த இடைப்பட்ட உஷ்ணத்திலேயே இருக்கிறது. ஆகவே, சமைத்த உணவை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்கலாகாது. 32 டிகிரிக்கு மேற்பட்ட கோடை நாட்களில் 1 மணி நேரமே எல்லை.

மண் சட்டி உஷ்ணத்தை நெடுநேரம் காக்கும். பரிமாறும் வரையில் இது நல்ல குணம். மிச்சத்தை வைக்கும்போது இதுவே தீமையாகிறது. சட்டியின் நடுவில் உள்ள குழம்பு இரவெல்லாம் வெதுவெதுப்பாகவே நின்று கிருமிகளுக்கு இடம் கொடுக்கும். ஆகவே, இரவு உண்டு முடித்தவுடன் மிச்சக் குழம்பை வாயகன்ற எவர்சில்வர் பாத்திரங்களில் 5 சென்டி மீட்டர் ஆழத்துக்கு மேற்படாமல் ஊற்ற வேண்டும். அப்பாத்திரங்களைக் குளிர்ந்த நீர் நிறைந்த தட்டில் வைத்துச் சுத்தமான கரண்டியால் கிளறினால் சூடு விரைவில் இறங்கும். ஆவி அடங்கியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். முற்றிலும் ஆறிய பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும் என்று காத்திருந்து உறங்கிவிடுவதால் வரும் கேடே அதிகம்.

ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனித்தனிப் பாத்திரமாகப் பிரித்து வைப்பது நல்லது. இவ்வாறு வைத்த குழம்பை 2 நாட்களுக்குள் உண்டு முடிக்க வேண்டும். எவ்வாறாயினும் 3 நாட்களைக் கடக்கலாகாது. மின்சாரம் நின்றால், மூடிய பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிரைக் காக்கும். அவ்வேளையில் அடிக்கடி திறக்கலாகாது. அதற்கு மேலும் மின்சாரம் வராமல் பெட்டியில் குளிர் போய்விட்டால், அதிலுள்ள மீன் குழம்பைக் கழிப்பதே அறிவுடைமை. டப்பாவில் அடைத்த சூரை திறக்கும் வரை கெடாது. திறந்த பின் அதற்கும் மேற்சொன்ன விதிகளே பொருந்தும்.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டார் என் செய்வது? அன்றைக்கு வேண்டிய மீனை மட்டும் வாங்கி அன்றே உண்பதுதான் நேரான வழி. புளியும் உப்பும் எண்ணெயும் மிகுந்த குழம்பு மற்றவற்றைவிடச் சற்றுத் தாமதமாகக் கெடும் என்பது உண்மை. அது தாமதமேயன்றிப் பாதுகாப்பு ஆகாது. இருந்த ஹிஸ்டமினைப் புளி நீக்கிவிடுவதும் இல்லை. மலிவாகக் கிடைத்தது என்று 2 கிலோ வாங்கிப் பாதியை மறுநாளைக்கு வைப்பதைவிட, அண்டை வீட்டாருடன் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது சிக்கனமும் ஆகும், நலமும் ஆகும்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். மாலத் தீவிலும் லட்சத் தீவின் மினிக்காயிலும் உண்டாகும் மாசிக் கருவாடு சூரையால் ஆனதே. மீனைப் புதிதாக இருக்கும்போதே அவித்து, புகையிட்டு, கல்போல் உலர்த்தி விடுகிறார்கள். ஈரம் போன சதையில் கிருமி பெருக வழியில்லை. கெடத் தொடங்கிய மீனைக் கருவாடாக்கித் தப்பிக்கும் வழியன்று இது. புதிய மீனைக் காலம் தாழ்த்தாமல் காக்கும் வழி என்பதை உணர வேண்டும்.

மறுபடி சூடாக்குதல்

அந்த வேளைக்கு வேண்டிய பங்கை மட்டும் வெளியே எடுக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் சிறிது தண்ணீர் சேர்த்து, அடிபிடிக்காமல் மெதுவாகக் கிளறி, ஓரத்தில் மட்டுமன்றி நடுவிலும் கொப்புளித்துக் கொதிக்கும் வரை சூடாக்க வேண்டும். பெரிய துண்டுகளை இரண்டாகப் பிட்டுவிட்டால் உள்ளும் சூடேறும். துண்டின் உட்புறம் 75 டிகிரி அளவுக்கு வர வேண்டும். 

தணலின் மேல் சட்டியை வைத்து மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக விடுவது சூடாக்குதல் ஆகாது. அது கிருமிகளுக்கு அடைகாப்பதாகும். சுடுசோற்றின் மேல் குளிர்ந்த குழம்பை ஊற்றி உண்பதும் முறையன்று. ஒரு முறை சூடாக்கியதில் மிஞ்சியதை மறுபடி பெட்டியில் வைக்கலாகாது. பழைய குழம்பைப் புதுக் குழம்பில் கலப்பதும் கூடாது. இவையெல்லாம் இதுவரை நல்ல நிலையில் இருந்த குழம்பைக் காப்பதற்கான விதிகள் என்பதை மறுபடியும் வற்புறுத்துகிறோம். இரவெல்லாம் அடுப்படியில் கிடந்த சூரைக் குழம்பை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் அது நல்ல குழம்பாகாது.

விருந்துகளில்

கறி விருந்து, திருவிழா, திருமணம் ஆகியவற்றில் ஒரே அண்டாவில் நூற்றுக்கணக்கானவர்க்குச் சமைக்கிறோம். அண்டா பெரிதாக ஆக, குழம்பு ஆறுவதற்கு ஆகும் நேரமும் பெருகும். கொதியிலும் சாகாமல் வித்துப்போல் ஒடுங்கிக் கிடக்கும் சில கிருமிகள், மெதுவாக ஆறும் அண்டாவில் உயிர்பெற்றுப் பெருகும். காலையில் சமைத்து மாலைப் பந்திக்கு வைப்பது இக்காரணத்தால் ஆபத்தானது. பந்தி நேரத்தை ஒட்டிச் சமைப்பதும், பரிமாறும் வரை அடுப்பிலிருந்து இறக்காமல் ஆவி பறக்க வைத்திருப்பதும், மிச்சத்தைப் பந்தி முடிந்தவுடன் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிரில் வைப்பதும் அவசியம். குளிரில் வைக்க வசதி இல்லையெனில், "வீணாகிறதே" என்று மாலையில் வீடு வீடாகக் கொடுத்தனுப்பலாகாது. கொடுப்பவர் நல்லெண்ணத்துடன்தான் கொடுக்கிறார். உண்பவர் வயிற்றுக்கு அது தெரியாது.

நோய் கண்டால்

மீன் உண்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்திற்குள் முகமும் கழுத்தும் சிவத்தல், வாய் எரிச்சல், தலைவலி, உடலில் தடிப்பும் அரிப்பும், நெஞ்சு படபடப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை தோன்றினால் ஹிஸ்டமின் நச்சு என்று ஐயுறலாம். கை வைத்தியத்தில் காலம் போக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ 108 ஊர்தியை உடனே அழைக்க வேண்டும். என்ன மீன், எங்கே வாங்கியது, எப்பொழுது சமைத்தது, எப்பொழுது உண்டது என்பவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதனை ஒவ்வாமை என்று கருதிக்கொண்டு ஆயுள் முழுவதும் மீனையே ஒதுக்கிவிடுவோரும் உண்டு. உண்மை தெரிந்தால் நல்ல உணவை இழக்க நேராது. உடன் உண்ட பலருக்கும் ஒரே வேளையில் இவ்வாறு நேர்ந்தால், மிச்ச மீனைக் கொட்டிவிடாமல் மூடிக் குளிரில் வைத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

வீட்டுச் சட்டியை இல்லத்தார் காக்கலாம். சந்தையைக் காப்பது பஞ்சாயத்தின் பொறுப்பாகும். மீன் விற்கும் இடத்துக்கு நிழல் தரும் கூரை, கழுவி விடத்தக்க மேடை, சுத்தமான குழாய் நீர், கழிவு நீர் தேங்காத வடிகால் ஆகிய நான்கும் அமைந்தால் பாதி வேலை முடிந்தது. குடிநீரால் ஆன பனிக்கட்டியை வியாபாரிகள் போதிய அளவில் பெறுவதற்கு வழி செய்யலாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி சிறு வியாபாரிகளும் பதிவு பெற வேண்டியவர்கள் ஆவர். அதற்கு அவர்களுக்குத் துணை புரியலாம். பனிக்கட்டி இன்றி விற்பவரை விரட்டுவதைவிட, பனிக்கட்டியுடன் விற்பவரிடம் மக்கள் வாங்கும்படி செய்வதே நிலைத்த பயன் தரும்.

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும் கிராம சபையிலும் இவ்விஷயத்தை எடுத்துச் சொல்வது எளிது. கருவிகளோ பணச் செலவோ வேண்டுவதில்லை. பனிக்கட்டியில் இருந்த மீனை வாங்குங்கள். உள்வரை வேக வையுங்கள். 2 மணி நேரத்திற்குள் குளிரில் வையுங்கள். ஒரே முறை கொதிக்கச் சூடாக்குங்கள். ஐயம் எழுந்தால் கழித்துவிடுங்கள். இந்த 5 சொற்களையும் சந்தை மேடையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் போதும். மறுநாள் குழம்பின் ருசியும் கெடாது, உண்பவர் உடலும் கெடாது.